உடலின் ஆற்றல் யாருக்கு உரியது?

(தோட்டத் தொழிலாளரும், மரக்கறிச் செய்கையாளரும், ஆசிரியரும், உத்தியோகத்தரும் நானுஓயாவிற் கூடியிருந்த பொதுக்கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்.)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் அரசியல் மேடைக்குப் புதியது. மனிதனுடைய உடம்பிலிருந்தே மின்சாரம் எடுக்கலாம். அவன் நடையிலிருந்தும், மிதியிலிருந்தும், உடற் சூட்டிலிருந்துங்கூட ஆற்றலை அறுவடை செய்யலாம். அவ்வாறு செய்து, எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் அடிமைப்படாமல் ஒவ்வொருவனும் தன் தேவையைத் தானே நிறைவேற்றி வாழலாம் என்று உலகெங்கும் அறிஞர்கள் ஆராய்ந்து வருகின்றனர். படித்த நண்பர்கள் சிலர் நம்மிடம், "லயத்திலே காம்பிராவுக்கு ஒரு மிதி இயந்திரம் கொடுத்துவிட்டால் விளக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும் அல்லவா?" என்று கேட்கின்றனர். நல்ல எண்ணத்துடன் கேட்கப்படும் கேள்விதான். ஆயினும் விடை சொல்லுமுன் கணக்குப் பார்த்தல் வேண்டும். கணக்குப் பாராமற் கைந்நாட்டு வைத்ததனால் நம் முன்னோர் பட்ட பாடு போதும்.

உடம்பின் வரவு செலவு

வரவை முதலிற் பார்ப்போம். உடம்புக்கு வரவு சோறு. ஒருவர் நாளொன்றுக்கு 2000 கலோரி பெறுமதியான உணவை உண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மின்சாரப் பட்டியலில் நாம் காணும் யூனிட்டாக அதை மாற்றினால் 2.3 யூனிட் மட்டுமே. இருபத்துநான்கு மணி நேரத்துக்கும் பரப்பினால், மனித உடம்பு ஏறத்தாழ 100 வாட் பல்பு ஒன்றைப் போல இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கிறது. இதயம் துடிப்பதும், மூச்சு ஓடுவதும், மூளை நினைப்பதும் அந்த நூறு வாட்டுக்குள்ளேதான்.

இனிச் செலவு. தசைநார்கள் வேலை செய்யும்போது, செலவாகும் உணவாற்றலில் நூற்றுக்கு இருபது இருபத்தைந்து பங்கே வேலையாக மாறுகின்றது. எஞ்சியது சூடாகிப் போய்விடுகின்றது. உடல் வலிமையுள்ள ஒருவன் மிதி இயந்திரத்தில் அமர்ந்து நாள் முழுதும் மிதித்தால் 75 வாட் அளவு தரலாம். எட்டு மணி நேரம் மிதித்தால் கிடைப்பது 0.6 யூனிட். ஒரு முழு நாட் கூலி உழைப்பு, ஒரு யூனிட்டுக்கும் குறைவு! அவ்வுழைப்புக்காக அவன் வழமையான உணவுக்கு மேலே உண்ண வேண்டிய அரிசி அரைக் கிலோவுக்கும் அதிகம். அதாவது, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அரிசி. கடையில் ஒரு கிலோ அரிசியின் விலையையும், பட்டியலில் ஒரு யூனிட்டின் விலையையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பாருங்கள். வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

இன்னும் ஓர் உதாரணம். நானுஓயாவின் குளிர்ந்த தண்ணீர் ஒரு லீற்றரைத் தேநீருக்காகக் கொதிக்க வைக்க வேண்டும். இந்த உயரத்திலே தண்ணீர் 95 பாகை அளவிலேயே கொதித்துவிடும். அது நமக்கு ஒரு சிறு சலுகை. அச்சலுகையோடும், இயந்திரத்தில் எவ்வித இழப்பும் இல்லையென்று கொண்டாலும், அந்த ஒரு லீற்றருக்காக ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் மிதிக்க வேண்டும். நான்கைந்து கோப்பைத் தேநீருக்கு இந்தப் பாடு! எனவே, உடலாற்றலைக் கொண்டு அடுப்பெரிப்போம், வெந்நீர் வைப்போம் என்று எவரேனும் சொன்னால், அவர் அடுப்படிக்குப் போகாதவர் என்று கொள்க.

ஏற்கெனவே நடக்கும் அறுவடை

உடலிலிருந்து ஆற்றலை அறுவடை செய்வது புதிய கலை என்று சொல்லப்படுகின்றது. இந்த மலைநாட்டிலே அது பழைய தொழில். 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டார். 1885 இல் புகையிரதம் நானுஓயாவுக்கு வந்து சேர்ந்தது. காட்டை வெட்டியதும், பாதை போட்டதும், கூடை சுமந்ததும் மனித உடம்பின் ஆற்றலே.

கொழுந்தெடுக்கும் ஒரு தாயைப் பாருங்கள். ஐம்பது கிலோ நிறையுள்ள அவர் பத்துக் கிலோ கொழுந்தை முதுகிற் சுமந்துகொண்டு நூறு மீற்றர் உயரம் மலை ஏறுகிறார். அந்த ஏற்றத்துக்குச் செலவான வேலை, பத்து வாட் விளக்கொன்றை ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எரிக்கப் போதுமானது. அவர் அதை ஒரு முறையோடு நிறுத்துவதில்லை. மலைக்கும் கொழுந்து மடுவத்துக்குமாக நாள் முழுதும் ஏறி இறங்குகிறார்; நிறை குறைந்தால் அரைப்பேர் என்று எழுதப்படுகிறார்; மாலையில் விறகு பொறுக்கிச் சுமக்கிறார்; தண்ணீர் தூக்குகிறார்; புகை மண்டிய காம்பிராவில் ரொட்டி சுடுகிறார். அவருடைய நூறு வாட்டில் மிச்சம் என்ன இருக்கின்றது, மிதி இயந்திரத்துக்குக் கொடுக்க?

இக்கணக்கைச் சட்டமும் அறிந்திருந்தது. 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனச் சட்டம், இந்தியத் தொழிலாளருக்குக் கூலியோடு அரிசி வழங்குவதையும் சேர்த்தே ஒழுங்கு செய்தது. உழைக்கும் உடம்புக்கு எரிபொருள் வேண்டும் என்பதைத் துரைமாரும் உணர்ந்திருந்தனர். 2021 இல் 1000 ரூபாவாகவும் 2024 இல் 1350 ரூபாவாகவும் நாட்சம்பளம் உயர்ந்தபோது நடந்த வாதங்கள் உங்களுக்குத் தெரியும். அச்சம்பளத்தில் எத்தனை கலோரி வாங்கலாம் என்று அம்மேடைகளிலே கேட்டவர் சிலரே. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, வயதுக்கேற்ற உயரம் பெறாத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17. தோட்டப்புறத்திலே நூற்றுக்கு 32 அளவில். வரவு குறைந்த உடம்பிலிருந்து செலவைக் கூட்டிக் கேட்பது கணக்குமன்று, நியாயமுமன்று.

இங்கிலாந்தின் சிறைகளிலே ஒரு காலத்தில் மிதி சக்கரம் இருந்தது. வில்லியம் கியூபிட் என்ற பொறியியலாளர் 1818 இல் அதை அமைத்தார். கைதிகள் முடிவில்லாத படிக்கட்டில் ஏறுவது போல மிதித்துத் தானியம் அரைத்தனர், தண்ணீர் இறைத்தனர், பல இடங்களிலே ஒன்றும் அரையாமல் வெறுமனே மிதித்தனர். கொடுமையென்று உணர்ந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் அதை ஒழித்தார்கள். மனித உடம்பின் ஆற்றலைப் பிறர் கட்டளையிட்டு எடுத்தால் அது தண்டனை. உடம்புக்கு உரியவர் தம் விருப்பப்படி தம் நன்மைக்குச் செலவிட்டால் அது சுதந்திரம். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

யாழ்ப்பாணம் கற்பித்த பாடம்

தமிழ் மக்கள் உடலாற்றலை மின்சாரமாக்கி வாழ்ந்த காலம் ஒன்று உண்டு. 1990 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெயும் மின்கலமும் கிடைத்தற்கரியனவாயின. அப்போது மக்கள் துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின்சாரம் எடுத்தார்கள். ஒருவர் சுற்ற, வீட்டாரும் அயலாரும் சூழ்ந்திருந்து செய்தி கேட்டார்கள். பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கின் சிறு சுடரிற் படித்துப் பரீட்சை எழுதினார்கள்.

அந்த டைனமோவின் வலு எவ்வளவு? ஆறு வோல்ற்று, மூன்று வாட். அம்மூன்று வாட்டினால் அவர்கள் மாவரைக்கவில்லை, தண்ணீர் இறைக்கவில்லை. எதற்குச் சிறிய ஆற்றல் போதுமோ, எது இல்லாவிடின் மனிதன் குருடனும் செவிடனும் ஆகிவிடுவானோ, அதற்கு மட்டுமே அதைச் செலவிட்டார்கள். அது அறிவுடைமை. அவர்களை அந்நிலைக்குத் தள்ளியது அநீதி. அறிவுடைமையைப் புகழும்போது அநீதியை மறந்துவிடலாகாது. மின்சாரம் திரும்பி வந்தபோது, "டைனமோவே போதும்" என்று எவரும் கம்பியை அறுத்தெறியவில்லை என்பதையும் நினைவிற் கொள்க.

அதே மண்ணிலே, அதற்கு முந்திய தலைமுறையினர் துலா மிதித்துத் தோட்டத்துக்கு இறைத்தனர். மரத்தின் மேலே ஆட்கள் முன்னும் பின்னும் நடக்க, அவர்களது நிறையே கிணற்று நீரை மேலே கொணர்ந்தது. உடலாற்றலை மின்சாரமாக மாற்றாமல் நேரே வேலையாகப் பயன்படுத்தினால் வீணாவது குறையும் என்பதற்கு அது நல்ல சான்று. வங்காள தேசத்திலே 1980 களில் பரவிய மிதி பம்பு, இயந்திரம் வாங்க வசதியற்ற பல இலட்சம் சிறு விவசாயிகளுக்கு மேலதிகமாக ஒரு போகம் கொடுத்தது. நமது மரக்கறிச் செய்கையாளருள், ஓடைக்குச் சிறிது மேலே பாத்தி வைத்திருப்பவர்கள் இதை ஆராய்ந்து பார்க்கலாம். உறிஞ்சி எடுக்கும் ஆழம் ஏழு மீற்றருக்கு உட்பட்டது. நம் மலையுயரத்தில் அது இன்னும் குறையும். அவ்வெல்லையை அறிந்து வாங்குதல் நன்று.

நமக்குப் பொருந்துவன மூன்று

முதலாவது, ஆபத்துக் காலத்து விளக்கும் செய்தியும். 2022 மார்ச்சு முடிவில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. அவ்வாண்டு ஆகத்து மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. குப்பி விளக்கையே நம்பியிருந்த வீடு என்ன செய்யும்? 2025 நவம்பர் முடிவில் டித்வா புயல் வந்து மலைகள் சரிந்தபோது, மின்சாரமும் பாதையும் தொலைபேசியும் ஒன்றாக அற்றுப்போன ஊர்கள் பல. அத்தகைய இரவிலே கையாற் சுற்றும் வானொலியும் விளக்கும் உயிர்காக்கும் பொருள்கள். 1990 களில் ஆங்கிலேயரான ட்ரெவர் பேலிஸ் என்பவர் இத்தகைய வானொலியை ஆபிரிக்க மக்களை மனத்திற் கொண்டு உருவாக்கினார். மின்கலம் தீர்ந்தாலும் கை தீராது. ஆனால் இங்கும் அளவறிதல் வேண்டும். கைத்தொலைபேசியை முழுதாக மின்னேற்ற அந்த மூன்று வாட் டைனமோவை ஐந்து மணி நேரத்துக்கு மேல் சுற்ற வேண்டும். ஓர் அவசர அழைப்புக்கு வேண்டியதைச் சிறிது நேரத்திலே பெறலாம். நடக்கும்போது முழங்காலிலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவியைக் கனடா நாட்டறிஞர்கள் 2008 இல் வெளியிட்டனர். அது ஏறத்தாழ ஐந்து வாட் தந்தது. காலொன்றுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேற்பட்ட நிறை. நகரத்திலே உலாவப் போகிறவர் அதைக் கட்டிக்கொள்ளட்டும். கொழுந்துக் கூடை சுமப்பவர் காலில் அதைக் கட்ட நாம் சம்மதியோம்.

இரண்டாவது, உடம்பின் சூடு. இதை மின்சாரமாக்க முயன்றால் கைக்கடிகாரம் ஓடும் அளவே கிடைக்கும். சூட்டைச் சூடாகவே காப்பாற்றினாலோ பயன் பெரிது. சுவீடன் தேசத்து ஸ்டொக்ஹோம் புகையிரத நிலையத்திலே, நாள்தோறும் கூடும் பிரயாணிகளின் உடற்சூட்டைக் காற்றிலிருந்து எடுத்து, நீர்க்குழாய் வழியாகப் பக்கத்துக் கட்டடத்தைச் சூடாக்க உதவுகிறார்கள். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில் ஐந்து பேர் உறங்கினால், அவர்கள் உடம்பிலிருந்து வெளிப்படுவது ஏறத்தாழ 400 வாட் சூடு. அது ஒரு சிறிய மின்சாரச் சூடேற்றிக்குச் சமம். கட்டணமின்றி இரவு முழுதும் எரியும் சூடேற்றி! அச்சூடு எங்கே போகின்றது? உள்முகடற்ற தகரக் கூரை வழியாக வானத்துக்குப் போகின்றது. ஈரம் ஊறிய சுவர் வழியாக மண்ணுக்குப் போகின்றது. தைமாசிப் பனியிலே குழந்தைகள் கம்பளிக்குள் நடுங்குகின்றன. ஆகவே நாம் சொல்கிறோம்: நானுஓயாவிலே உடலாற்றலை அறுவடை செய்ய மிகச் சிறந்த கருவி, கூரைக்குக் கீழே ஓர் உள்முகடும், ஈரம் ஏறாத சுவரும், இடுக்கில்லாத கதவுமேயாகும். ஆனால், காம்பிராவை மூடும்போது புகை உள்ளே தங்கிவிடக் கூடாது. விறகைச் சிக்கனமாக எரிக்கும் அடுப்பும் புகைபோக்கியும் அதனோடு சேர்ந்தே வரல் வேண்டும்.

மூன்றாவது, கழிவு. 1897 இலேயே பம்பாய் மாதுங்காவிலிருந்த தொழுநோயாளர் இல்லத்தில் மனிதக் கழிவிலிருந்து எரிவாயு எடுத்தார்கள். பிந்தேஸ்வர் பாதக் தொடங்கிய சுலப் இயக்கம் பொதுக் கழிப்பிடங்களிலே இதைச் செய்து காட்டியது. ஒருவருடைய ஒரு நாட் கழிவுக்கு ஏறத்தாழ ஒரு கனவடி வாயு கிடைக்கும். பத்துக் குடும்பங்கள் உள்ள லயத்திலே ஐம்பது கனவடி. அது ஒரு குடும்பத்தின் சமையலுக்கே காணும். குளிரிலே வாயு இன்னும் குறையும். ஒரு பசுவின் சாணம் பத்துப் பன்னிரண்டு பேரின் கழிவுக்கு ஈடாகும். மாடு வளர்ப்போர் சேர்ந்தால், பிள்ளைக் காம்பிராவிலே பால் காய்ச்சவாவது உதவும். எஞ்சும் சேறு மரக்கறிப் பாத்திக்கு எருவாகும். 2021 இல் இரசாயன உரம் திடீரென நிறுத்தப்பட்டபோது எருவின் அருமையை நம் விவசாயிகள் நன்கு உணர்ந்துகொண்டார்கள்.

மலையின் நீரும் மலையின் மக்களும்

தோழர்களே, இனித்தான் நம் வழக்கின் நடுப்பகுதிக்கு வருகிறோம்.

நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையிலுள்ள பிளாக்பூலில் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, நுவரெலியா நகருக்கு ஒளி கொடுக்கச் சிறு நீர்மின் நிலையம் அமைத்தார். 1918 இல் இத்தீவின் நீர்வலுவைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையே லக்ஷபானவுக்கு வித்து. 1950 இல் லக்ஷபானவின் முதற் கட்டம் 25 மெகாவாட்டுடன் இயங்கத் தொடங்கியது. ஆனால் 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டத்தினால், அதே மலைகளில் வாழ்ந்த நம் மக்கள் அப்போது நாடற்றவராய் நின்றனர். மலையின் நீர் பிரஜையாகிக் கொழும்புக்குப் போனது. மலையின் மனிதன் அந்நியனாகிக் குப்பி விளக்கோடு இருந்தான். தேயிலைத் தொழிற்சாலைகள் பலவற்றில் நீர்ச்சுழலி சுழன்ற காலத்திலும், லயத்திலே இருளே இருந்தது.

2012 இல் தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் 150 மெகாவாட்டுடன் தொடங்கியது. நமது நானுஓயா ஆறு கொத்மலை ஓயாவின் கிளை. அந்த 150 மெகாவாட்டை மனிதர் மிதித்துப் பெற வேண்டுமானால், 20 இலட்சம் பேர் ஒரே வேளையில் மிதிக்க வேண்டும். வீழும் நீர் எளிதாகச் செய்யும் வேலையை, மலையேறிக் களைத்த மனிதரிடம் கேட்பது முறையாகுமா?

"சூரியன் இருக்கின்றதே, கூரையிலே தகடு பொருத்தலாமே" என்பீர்கள். பொருத்தலாம். கூரை யாருடையது? லயத்துக் கூரை தோட்டத்துடையது. தோட்டக் காணி 1992 முதல் 53 ஆண்டுக் குத்தகையிற் கம்பனிகளிடம் விடப்பட்டது. தன் பெயரிலே காணி உறுதியும் மின்மானியும் இல்லாதவன், தகட்டுக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போனால் வாயிற்காவலன் மட்டுமே வரவேற்பான். 1990 களிலிருந்து சிங்களக் கிராமங்கள் பலவற்றிலே மக்கள் மின் நுகர்வோர் சங்கம் அமைத்து, தம் ஓடையிற் சிறு நீர்மின் நிலையம் கட்டித் தம் வீடுகளுக்கு ஒளியேற்றினார்கள். அவர்களது உழைப்பைப் பாராட்டுகிறோம். அவர்கள் நிற்க ஊரும் காணியும் இருந்தன. நமக்கும் ஓடை உண்டு, இளைஞர் உண்டு, நிற்க நிலத்துக்கு உரிமைதான் இல்லை. தன்னிறைவு என்ற சொல்லுக்கு முன்னே தனதென்று ஒன்று இருக்க வேண்டுமல்லவா?

நாம் கேட்பதும் நாம் செய்வதும்

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. ஒவ்வொரு தோட்டக் குடும்பத்துக்கும் தன் பெயரிற் காணி உறுதியும் தனி மின்மானியும் வேண்டும். புதிதாகக் கட்டும் வீடுகளிலும் பழுது பார்க்கும் லயங்களிலும் உள்முகடும் புகைபோக்கியும் கட்டாயமாக்கப்பட வேண்டும். தோட்டத்து ஓடைகளிலே தொழிலாளர் சங்கமாகச் சேர்ந்து சிறு நீர்மின் நிலையம் அமைக்கச் சட்டம் இடமளிக்க வேண்டும். ஒவ்வொரு லயத்துக்கும் ஆபத்துக் காலத்துக்கெனக் கையாற் சுற்றும் வானொலியும் விளக்கும் அனர்த்த நிவாரணப் பொருளாக வழங்கப்பட வேண்டும்.

கேட்பதோடு அமையாமல், நாமே செய்ய வேண்டியனவும் உள. ஆசிரியர் பெருமக்கள் பாடசாலையிலே பழைய துவிச்சக்கர வண்டியொன்றையும் டைனமோவையும் வைத்து, பிள்ளைகளைச் சுற்றச் செய்து, வாட் என்பதும் யூனிட் என்பதும் யாவை என்று கையால் உணரச் செய்யலாம். அதை உணர்ந்த பிள்ளை மின்சாரத்தையும் வீணாக்காது. தன் தாயின் உழைப்பையும் அற்பமென்று எண்ணாது. பொறியியல் படித்த நம் பிள்ளைகள் ஒரு விடுமுறையில் ஊருக்கு வந்து, ஓடையின் நீரளவையும் வீழ்ச்சியின் உயரத்தையும் அளந்து எழுதித் தரலாம். சங்கம் அமைக்க வேண்டிய பத்திரங்களை எழுதச் சட்டம் படித்த நாம் இருக்கின்றோம். நாற்காலியில் அமர்ந்து உழைக்கும் நம்மைப் போன்றோருக்கு ஒரு வார்த்தை: வயிற்றைக் குறைக்கக் காசு கொடுத்து, ஓடும் பட்டியின் மேல் ஓடுகின்றோம், அந்தப் பட்டியை மின்சாரத்தால் ஓட்டுகின்றோம். உடலாற்றலை அறுவடை செய்ய வேண்டுமென்றால் அறுவடையை நம்மிடத்திலிருந்து தொடங்குவோம். கடைக்கு நடப்போம், அலுவலகத்துக்குத் துவிச்சக்கர வண்டியிற் போவோம். மிச்சம் உள்ளவன் கொடுக்கட்டும், குறைவுள்ளவன் உண்ணட்டும்.

உடம்பின் ஆற்றல் மனிதனுடைய முதற் சொத்து. வேறு சொத்தொன்றும் இல்லாமற் கப்பலேறி வந்த நம் முன்னோர் கொண்டுவந்த ஒரே சொத்தும் அதுவே. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அது இம்மலையிலே தேயிலையாயிற்று. நாட்டுக்கு அந்நியச் செலாவணியாயிற்று. எஞ்சியிருப்பதை அவர்களுடைய பிள்ளைகளின் வளர்ச்சிக்கும், படிப்புக்கும், இளைப்பாறலுக்கும் விட்டுவைப்பது நம் கடமை. அதற்கு மேலும் ஒளி வேண்டுமானால் நீர் இருக்கின்றது, வெயில் இருக்கின்றது. அவற்றில் நம் பங்கைச் சட்டப்படி கேட்போம், ஒன்றுபட்டுக் கேட்போம், கிடைக்கும்வரை கேட்போம்.